கோபுரத்தடியில் நில்லுங்கள்

இருபத்தாறு வருடமாக மேலமாசி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். மதுரைக்கு முதல்முறை வருகிறவர் என்று தெரிந்தால் சாவியோடு சேர்த்து மூன்று யோசனைகளையும் கொடுத்துவிடுவேன். ஒன்று, காலையில் முதலில் சாமி, அப்புறம்தான் சாப்பாடு. எட்டு மணிக்கு மேல் வேன் வேனாகக் கூட்டம் வந்து இறங்கிவிடும். இரண்டு, கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அதை வெளியே ஒப்படைக்க ஒரு வரிசையில் நிற்பானேன், ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மூன்று, உள்ளே ஆள் தவறிவிட்டால் தேடி அலையாதீர்கள், வெளியே வந்து கோபுரத்தடியில் நில்லுங்கள்.

மூன்றுமே நல்ல யோசனைகள்தான். எத்தனையோ பேர் திரும்பி வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. லாட்ஜ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த மூன்றும் ஒருநாள் காலையில் ஒன்றுசேர்ந்து ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தன.

தர்மபுரிப் பக்கமிருந்து ஓர் அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர், எழுபது வயதிருக்கும். மகள் கவிதா பள்ளிக்கூட டீச்சர். காலை ஏழு மணிக்குக் கீழே இறங்கி வந்து, பக்கத்தில் இட்லி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

"இட்லி எங்கயும் ஓடிறாதும்மா. இப்பப் போனா அரை மணி நேரத்துல தரிசனம் முடிஞ்சிரும். வந்து நிம்மதியா சாப்பிடுங்க" என்றேன்.

அந்தப் பெண் தயங்கினாள். பெரியவர்தான், "சார் சொல்றது சரிதான். சாமி கும்பிட்டுட்டே சாப்பிடலாம், வாம்மா" என்றார். ஏன் தயங்குகிறாய் என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது யோசனையையும் மூன்றாவதையும் சொல்லி, ஆட்டோ பிடித்துக் கிழக்குக் கோபுரத்துக்கு அனுப்பிவைத்தேன்.

ஒன்பது மணி தாண்டி அவள் மட்டும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். காலில் செருப்பில்லை.

"அண்ணா, அப்பா வந்தாரா?"

"வரலியேம்மா. என்னாச்சு?"

"உள்ள கூட்டத்துல கை விட்டுப்போச்சு. நீங்க சொன்ன மாதிரி வெளிய வந்து கோபுரத்துகிட்டயே நின்னேன். முக்கா மணி நேரமாச்சு. போன் ரூம்ல இருக்கு, யாரையும் கூப்பிட முடியல." அதுவரை கோர்வையாகப் பேசியவள் அழ ஆரம்பித்தாள். "காலையில அப்பாவுக்கு இன்சுலின் போட்டுட்டேன் அண்ணா. போட்டா உடனே சாப்பிடணும். அவர் இன்னும் ஒண்ணுமே சாப்பிடல."

என் மனைவிக்கும் சர்க்கரை உண்டு. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வேறு வாசல் வழியாக வந்துவிட்டாரோ என்று, மேலக் கோபுரத்துப் பக்கம் எப்போதும் நிற்கும் ஆட்டோக்காரர் சேகருக்குப் போன் போட்டேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கண்ணாடி போட்ட பெரியவர் என்று அடையாளம் சொன்னேன்.

"அப்படி யாரும் இல்லண்ணே" என்றார் சேகர். "ஒரு குடிகாரன்தான் செவத்துல சாஞ்சு உளறிக்கிட்டுக் கெடக்கான். காலங்காத்தால ஏத்திக்கிட்டு வந்துட்டான் போல."

"குடிகாரன் கெடக்குறான், விடு. நீ தெக்குக் கோபுரத்துல போய்ப் பாரு. நாம தேடுறது மரியாதையான ஆளு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு அண்ணா குடிச்சிருக்கிறது?" என்று கேட்டாள். சொன்னேன்.

"சுகர் இறங்கிட்டா எங்கப்பா அப்படித்தான் உளறுவார்" என்றாள்.

என் வாயாலேயே அவரை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். சேகருக்கு மறுபடி போன் போட்டால் எடுக்கவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். அவள் வந்த ஆட்டோவிலேயே இருவரும் மேலக் கோபுரத்துக்கு ஓடினோம்.

அவர்தான். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வேட்டி அவிழ்ந்து கிடந்தது, கண்ணாடியைக் காணோம். கோயிலுக்கு வந்த சனமெல்லாம் அவரைச் சுற்றி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு அம்மா பிள்ளையை இழுத்து மறுபக்கம் நடக்கவைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எதிரே தள்ளுவண்டியில் கருப்பட்டி போட்ட பருத்திப்பால் விற்பவரிடம் ஒரு டம்ளர் கேட்டேன். "அந்தாளுக்கா? குடிகாரனுக்கு எதுக்குண்ணே பருத்திப்பாலு?" என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் சொல்லியிருந்தேன் என்பதால் அவரிடம் கோபப்பட முடியவில்லை. "குடிக்கலப்பா, சுகர் இறங்கிப்போச்சு, குடுப்பா" என்று கெஞ்சினேன். அவர் பதறிப்போய்க் கூடுதலாகக் கருப்பட்டிப் பாகு விட்டு, தானே கொண்டுவந்தார்.

கவிதா முதலில் ஒரு சொட்டு கொடுத்து, விழுங்குகிறாரா என்று பார்த்தாள். விழுங்கினார். அரை டம்ளர் உள்ளே போக வெகு நேரம் ஆனது. கால் மணி நேரத்தில் கண் ஓர் இடத்தில் நின்றது. மகளை அடையாளம் தெரிந்தது, பிறகு என்னையும் தெரிந்தது.

"சார், நீங்க சொன்ன மாதிரியே கோபுரத்தடியில நின்னேன்" என்றார். "தலை சுத்துச்சு. பக்கத்துல கடை இருந்துச்சு, போகலாம்னு பார்த்தேன். பொண்ணு வந்து தேடுமேன்னு நகரவே இல்ல."



மதுரைக்காரனுக்கு எந்தக் கோபுரம் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த வாசலில் செருப்பை விட்டோமோ அதுதான் கோபுரம். வெளியூர்க்காரருக்கு நாலு பக்கமும் கோபுரம். மகள் கிழக்கே நின்றாள், அப்பா மேற்கே நின்றார். இருவரும் என் பேச்சைத் தட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் காட்டி, மறுநாள் ஊருக்குக் கிளம்பினார்கள். சேகர் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டார். "பத்தடி தள்ளி நின்னுதாண்ணே பார்த்தேன். கிட்டப் போயிருந்தா வாடை இல்லைன்னு தெரிஞ்சிருக்கும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது சாவி கொடுக்கும்போது யோசனை எதுவும் சொல்வதில்லை. முதலில் கேட்கிறேன்: சாப்பிட்டாச்சா, மாத்திரை ஊசி ஏதாவது உண்டா, கூட வந்திருப்பது யார் யார். எல்லார் சட்டைப் பையிலும் லாட்ஜ் கார்டு ஒன்றைச் செருகி, அதன் பின்னால் "கிழக்குக் கோபுரம்" என்று பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். அந்தப் பெரியவர் வாழ்க்கையில் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவரில்லை என்று கவிதா பிறகு சொன்னாள். தெருவோரம் யாராவது விழுந்து கிடந்தால் இப்போது கிட்டப் போய்க் குனிந்து பார்க்கிறேன். பல நாள் குடிகாரராகத்தான் இருக்கிறார். இருந்தாலும் பார்க்கிறேன்.