பேலியேட்டிவ் என்றால் என்ன?

போன செவ்வாய்க்கிழமை மீரான் பாய் என் வீட்டுக்கு வந்தார். டவுண் ரதவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் மனைவி ஜீனத்துக்குக் குடலில் புற்றுநோய். பல மாதங்களாக மனுஷன் முகத்தில் சிரிப்பே கிடையாது. அன்றைக்குச் சிரித்தார்!

"அண்ணாச்சி, இனி ஊசி, கரண்டு வைக்கது எதுவும் வேண்டாமாம். பேலியேட்டிவ்னு புது வைத்தியம் பார்க்கப் போறாவளாம். நீங்கதான் வாரவாரம் பத்திரிகையில இங்கிலீஷ் வார்த்தைக்கு வேரு எழுதுதியளே... இதுக்கு என்ன அர்த்தம்? ஜீனத்கிட்ட சொல்லணும்."

டாக்டர் சொல்லவில்லையா? சொல்லியிருப்பார். இவர் காதில் எது விழுந்ததோ!

நேராகச் சொல்ல வாய் வரவில்லை. தெரிந்த வழியில் போனேன். இங்கிலீஷுக்கு பிரெஞ்சிலிருந்து வந்த சொல் என்றேன். பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் 'பால்லியம்' என்றால் மேலே போர்த்துகிற அங்கி. அதிலிருந்து போர்த்துவது, மூடுவது...

"போர்வையா?" பாய் முகம் இன்னும் மலர்ந்தது. "அப்போ நோயை அப்படியே அமுக்கி மூடிப்போடும். வெளிய வராது. அப்படித்தானே?"

இதற்கு மேல் எப்படி மழுப்புவது?

"வலியை மட்டுந்தான் பாய் மூடும். நோய் உள்ள இருக்கும். குணப்படுத்த இனிமே வழி இல்லைங்கும்போதுதான் பெரும்பாலும் இதைச் சொல்லுவாங்க."

சிரிப்பு போய்விட்டது. வாசலில் டவுண் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது. அவர் தலை நிமிரவில்லை. பிறகு, பரீட்சையில் தோற்ற பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்.

"லத்தீனுக்கும் முந்தின பாஷை ஏதாவது இருக்கும்லா அண்ணாச்சி? அதுல வேற அர்த்தம் இருக்குமா?"

இத்தனை வருஷம் எழுதுகிறேன். ஒரு சொல்லின் வேரை இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. அகராதியைப் புரட்டினேன் — அவருக்காக இல்லை, அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க. லத்தீனுக்கு அப்பால் நிச்சயமாகத் தெரியவில்லை என்று போட்டிருந்தது. அதையே சொன்னேன்.

"தெரியலையா... சரி. தெரியலைன்னே இருக்கட்டும்."

எழுந்து போனார். மனைவியிடம் என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை. மறுநாளே ஜீனத்தை ஆஸ்பத்திரியிலிருந்து மேலப்பாளையம் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். நர்ஸ் வந்து மருந்து கொடுக்கிறாராம்.

நேற்று காலையில் பாய் போன் செய்தார்.

"ஜீனத் நல்லா தூங்குறா அண்ணாச்சி. முனங்கலே இல்ல. மருந்து கேக்குது போல. ரெண்டு மாசத்துல எந்திரிச்சிருவா, இல்லியா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இன்னும் காத்திருக்கிறார்.