ஸ்ரீரங்கத்துக்குப் போன வாழ்த்து அட்டை

தாளை முதலில் நனைக்க வேண்டும் என்பது சித்தியின் விதி. காய்ந்த தாளில் வர்ணம் வைத்தால் வைத்த இடத்திலேயே நின்றுவிடும், ஈரத் தாளில் வைத்தால் அதுவே வழி தேடிக்கொண்டு போகும் என்பாள். கார்ட்ரிட்ஜ் தாளைப் பலகையில் பரப்பிப் பஞ்சால் தண்ணீர் தடவுவது என் வேலை. பலகையின் தலைப்பக்கத்தில் ஒரு செங்கல்லை அண்டை கொடுத்துச் சாய்த்துவிட்டு, சித்தி அகலத் தூரிகையால் மேலே ஓர் இழுப்பு இழுப்பாள். நீலம் தானாகக் கீழே இறங்கும். இறங்க இறங்க வெளுத்து, பாதி வழியில் மஞ்சளோடு கலக்கும். அப்போது நான் கல் உப்பைத் தூவ வேண்டும். உப்பு விழுந்த இடத்தில் வர்ணம் விலகிப்போய் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் பூக்கும். அதற்கு மார்கழிப் பனி என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். தாள் பளபளவென்று இருக்கும்போது தூவினால் உப்பு கரைந்துவிடும். பளபளப்பு போனபிறகு தூவினால் ஒன்றும் ஆகாது. நடுவில் ஒரு சமயம் இருக்கிறது. அது வந்ததும் சித்தி கண்ணைக் காட்டுவாள்.

இதெல்லாம் பொன்மலையில், ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்க வராந்தாவில் நடந்தது. சித்தி ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். சித்தப்பா ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். இவ்வளவு சொன்னால் போதும், மீதியை ஸ்ரீரங்கத்துக்காரர்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்த வீட்டில் இருந்தவர் மாமா. அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே அண்ணா. சித்தி கல்யாணம் செய்துகொண்டபோது அவர் கத்தவும் இல்லை, கையை ஓங்கவும் இல்லை. இனிமேல் அவள் இந்தப் படி ஏறக் கூடாது என்று ஒரு தடவை சொன்னாராம். அதற்குப் பிறகு அவள் பேச்சையே எடுப்பதில்லை. எங்கள் வீடு திருவானைக்காவலில், இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அம்மாவும் நடுவில்தான் இருந்தாள். ஸ்ரீரங்கத்துக்குப் போய்வர வேண்டும் என்பதால் பொன்மலைக்குப் போகமாட்டாள். ஆனால் பொன்மலையை விடவும் மனசு இல்லை. அதற்காக அவள் கண்டுபிடித்த வழி நான். அப்பா சனிக்கிழமைகளில் என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய்ச் சித்தி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மறுநாள் வந்து அழைத்துப் போவார். குழந்தை எங்கே போனால் என்ன என்று எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். மாமாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

பொங்கலுக்கு மறுநாள் கனு. எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் எழுந்து, மஞ்சள் இலையைப் பரப்பி, வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாகச் சாத உருண்டைகளைக் காக்காய்க்கு வைப்பார்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக வைப்பது அது. பதிலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கனுச் சீர் வரும். அம்மாவுக்கு வருஷா வருஷம் மாமா மஞ்சள் கொத்து, கரும்பு, ரவிக்கைத் துணி எல்லாம் அனுப்புவார். சித்திக்கு எதுவும் கிடையாது. ஆனாலும் சித்தி கனு வைப்பதை விடவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் அவிழ்க்காமல் தொங்கிக்கொண்டிருக்கும் வராந்தாவுக்குக் கீழே, தோட்டத்தில் அவளே போட்ட மஞ்சள் செடியின் இலையில் வைப்பாள்.

பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்பாத வீடே இல்லாத காலம் அது. தபால்காரர் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். சித்தி கடை அட்டை வாங்கமாட்டாள். டிசம்பரில் சித்தப்பா வீட்டாருக்கு, ஜனவரியில் நம்மவர்களுக்கு என்று எல்லாவற்றையும் கையாலேயே செய்வாள். நம்மவர்கள் என்றால் இரண்டே அட்டைகள்தான். சின்னது அம்மாவுக்கு. அதில் எப்போதும் ஒரே ஒரு தாழம்பூ மடல் இருக்கும். அம்மா அதை பீரோ கண்ணாடியின் சட்டத்தில் செருகிவைத்து, அடுத்த வருஷம் புதிது வந்ததும் மாற்றுவாள். பெரியது மாமாவுக்கு. மாதக்கணக்காக வேலை நடப்பது அதற்குத்தான். பட்டத் தாளை நறுக்கி ஈர்க்குச்சியில் சுற்றிச் சுற்றிக் கனு உருண்டைகள் செய்வாள். பச்சைத் தாளை விசிறி மாதிரி மடித்தால் மஞ்சள் இலை. கறுப்புத் தாளில் காக்காய், சுற்றிலும் கிளிகள், அரும்பு அரும்பாகப் பூக்கள். அட்டையைத் திறந்தால், உப்புத் தூவிய வானத்துக்கு முன்னால் இலை எழுந்து நிற்கும். உள்ளே, "அண்ணாவுக்கும் மன்னிக்கும் குழந்தைகளுக்கும் பொங்கல் நமஸ்காரம்" என்று எழுதியிருப்பாள். பெயர் போடமாட்டாள்.

ஒரு தடவை அவளிடம் கேட்டேன், மாமா என்ன தரணும்னு உனக்கு ஆசை என்று. பசைக் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு மஞ்சள் கொத்து வந்தாப் போரும்" என்றாள். அவளுடைய தோட்டத்திலேயே மஞ்சள் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னேன்.

அட்டையை ஸ்ரீரங்கத்தில் கொடுத்துவிட்டு வந்து நடந்ததை நான் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு விதி இருந்தது. "சேர்த்தும் சொல்லாதே, விட்டும் சொல்லாதே. பார்த்ததைச் சொல்லு." மாமா வாங்கினார், முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார், ம் என்றார், பஞ்சாங்கம் வைக்கும் அலமாரியில் வைத்தார். இவ்வளவுதான் முதல் வருஷத்துச் சேதி.

"பின்னாடியும் பார்த்தாரா?" என்றாள் சித்தி.

பார்த்தார் என்றேன்.

"பின்னாடி ஒண்ணுமே இல்லையே" என்றாள். சற்று நேரம் கழித்து, அப்படியானால் நிதானமாகத்தான் பார்த்திருக்கிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வருஷம் அட்டையின் பின்பக்கத்திலும் ஒரு மூலையில் சின்னக் காக்காய் வரைந்தாள்.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளைச் சாத்தும்போதே, "என்ன பாப்பா, ஸ்ரீரங்கத்துலேர்ந்து தபால் வந்துடுச்சா?" என்று கேட்பார். வரவில்லை என்று தெரிந்தேதான் கேட்பார். "அடுத்த வருஷம் நேரா பெருமாளுக்கே ஒரு கார்டு போட்டுடச் சொல்லு உங்க சித்தியை. அவராவது பதில் போடுவாரு." சித்தி சிரிப்பாள். சித்தப்பா உள்ளே போனதும் சிரிப்பும் போய்விடும்.

இரண்டாவது அட்டையைக் கொடுத்த வருஷம், நவராத்திரிக்கு அம்மா என்னைப் பாவாடை சட்டையோடு ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனாள். மாமா வீட்டுக் கொலு பெரியது. படிகளுக்குப் பக்கத்தில் தரையில் பார்க் வைப்பார்கள். மண்ணைக் கொட்டிக் கடுகு தூவி முளைக்கவிட்ட புல், கண்ணாடித் துண்டில் குளம், அதில் பிளாஸ்டிக் வாத்து. அந்த வருஷம் பார்க் புதிதாக இருந்தது. வேலி நெடுகக் காகிதப் பூக்கள். மரக்கிளையில் கிளிகள். பச்சை விசிறி இலை குளத்தங்கரையில் மேடையாகியிருந்தது. மண் கோபுரத்தின் உச்சியில் ஒரு கறுப்புக் காக்காய். எல்லாவற்றுக்கும் பின்னால் சுவரில் சாய்த்துவைத்த வானம். நீலம் இறங்கி மஞ்சளில் முடிகிற வானம், நடுவே வெள்ளைப் புள்ளிகள். அந்த உப்பு நான் தூவியது. இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகக் கொட்டிவிட்டேன், அதுகூட அப்படியே இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா சித்தியை உள்ளே விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். ஆள் வரவில்லை, ஆனால் அவள் பூ வந்துவிட்டது, கிளி வந்துவிட்டது, வானம் வந்துவிட்டது. பெருமாள் விக்கிரகங்களோடு சரிசமமாக உட்கார்ந்திருக்கிறது. அட்டையின் உட்பக்கத்து எழுத்தைக் காணவில்லையே என்று தேடினேன். அந்தப் பாதியை நேராக, சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த எதிர்வீட்டு மாமி வெற்றிலை பாக்குக்கு வந்திருந்தாள். பார்க்கைப் பார்த்துக் குனிந்தவள் நிமிரவே இல்லை. "யார் பண்ணினா இதெல்லாம்? கடையிலகூட இப்படிக் கிடைக்காதே" என்றாள்.

"எங்காத்துக் குழந்தைதான்" என்று மாமாவின் மனைவியான எங்கள் மாமி தன் பெண்ணின் தலையைத் தடவினாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சேர்த்தும் சொல்லக் கூடாது, விட்டும் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டவள் ஆயிற்றே. "இல்ல, எங்க சித்தி பண்ணினது" என்றேன்.

மாமா கூடத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் கீழே இறங்கவில்லை. பக்கமும் புரளவில்லை. எதிர்வீட்டு மாமி, எந்தச் சித்தி என்று கேட்டாள். எங்கள் மாமி சுண்டலைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "அது அவ அப்பா வழியில. இவளுக்கு ஓர்ப்படி" என்று அம்மாவைக் காட்டினாள்.

எதிர்வீட்டு மாமி அம்மா பக்கம் திரும்பினாள். "உங்க ஓர்ப்படியா? நல்ல கைவேலை."

"ஆமாம்" என்றாள் அம்மா.

பிறகு குங்குமம் எடுத்துக்கொண்டு, நாழியாச்சு என்று என்னைக் கையைப் பிடித்து எழுப்பினாள். பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. என் அப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர் கிடையாது. தம்பி இல்லாமல் தம்பி பெண்டாட்டி எப்படி வருவாள்? அம்மாவுக்கு உறவுமுறையில் ஏதோ குழம்பிவிட்டது என்று முடிவுசெய்தேன். கேட்கலாமென்று திரும்பினால் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொள்ளிடத்தில் தண்ணீர் போகிறதா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். வெகு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் நடுவில் கொள்ளிடம் வருவதே இல்லை என்று.

அடுத்த சனிக்கிழமை பொன்மலையில் சித்தியிடம் ஓட்டமாக ஓடிச் சொன்னேன். பூ வேலி, கிளி, மேடை, கோபுரத்தில் காக்காய், என் உப்பு. சித்தி கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. எழுதியிருந்த பக்கம் எங்கே என்று கேட்டாள். வெட்டிவிட்டார்கள் என்றேன். பூக்களைக் கிழியாமல் எடுத்திருந்தார்களா என்று மட்டும் கேட்டாள். இரண்டு மூன்று பூக்களில் இதழ் கிழிந்திருந்ததைச் சொன்னேன். எதிர்வீட்டு மாமி கேட்டதையும் எங்கள் மாமி சொன்னதையும் சொன்னேன். மாமாவின் பேப்பர் அசையாததைச் சொன்னேன். அதையெல்லாம் முன்பே தெரிந்த சங்கதி மாதிரிதான் கேட்டுக்கொண்டாள்.

"அம்மா என்ன சொன்னா?"

"ஆமாம்னா."

கத்தரிக்கோல் நின்றது. "வாயால சொன்னாளா, தலையை ஆட்டினாளா?"

"வாயால சொன்னா."

சித்தி அதைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி. தூரிகையெல்லாம் அலம்பி வை" என்றாள். மாமா செய்ததைக் கேட்டு வருத்தப்படாதவள், அம்மா சொன்ன ஒரு வார்த்தையை ஏன் இவ்வளவு துருவுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. தூரிகைகளை அலம்பிவைத்தேன்.

இனிமேல் அட்டை கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பொங்கல் நெருங்கியதும் பலகை வெளியே வந்தது. முந்தின இரண்டு வருஷத்தையும்விடப் பெரிய அட்டை. இரண்டு மடங்கு பூ, இரண்டு மடங்கு கிளி. உள்ளே எதுவும் எழுதவில்லை. நான் பூவுக்குப் பின்னால் வழக்கம்போல் பசையைத் தடவி அழுத்தப் போனபோது தடுத்தாள்.

"அழுத்தாதே. நடுவில ஒரு பொட்டுப் போரும். எடுக்கறச்சே கிழியாம வரணும்."

புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொண்டேன் என்று எனக்குச் சந்தோஷம். ஒவ்வொரு பூவையும் ஒரு பொட்டில் நிறுத்தினேன். ஊதினால் ஆடியது. சித்தப்பா அன்றைக்குக் கேலி பேசவில்லை. வந்து பார்த்துவிட்டு, டீ வேண்டுமா என்று சித்தியைக் கேட்டுவிட்டுத் தானே போய்ப் போட்டார்.

அப்பாவின் ஸ்கூட்டர் வந்ததும் அட்டையைத் துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். அம்மாவுக்கு எங்கே என்று கேட்டேன். சித்தி அதற்கு ஒரு பதில் சொன்னாள். சேர்க்காமல் விடாமல் கொண்டுபோக வேண்டுமே என்று வழியெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பீரோ கண்ணாடியிலிருந்து பழைய தாழம்பூ அட்டையை அதற்குள் எடுத்து மேஜைமேல் வைத்திருந்தாள், புதிதுக்கு இடம் செய்து. ஸ்ரீரங்கத்து அட்டையைப் பார்த்தாள், நன்னா இருக்கு என்றாள். பிறகு, எனக்கு என்றாள்.

"உனக்கு உன் ஓர்ப்படி பண்ணிக் குடுப்பாளாம்" என்றேன்.

இது ஏதோ விளையாட்டுப் பேச்சு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லாத ஓர்ப்படி எப்படி அட்டை செய்வாள்? அம்மா சிரிப்பாள் என்று முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பையை என் கையிலிருந்து வாங்கினாள், உள்ளே கையை விட்டாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கடைசியில் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். ஒட்டாமல் உதிர்ந்திருந்த ஒரு காகித இதழ் தரையில் விழுந்தது. அம்மா அதற்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அட்டை எங்கேயாவது வழியில் விழுந்துவிட்டதோ என்று தேடுகிறாள் போலும் என்று எண்ணி, நானும் குனிந்து பீரோவின் அடியில் தேடத் தொடங்கினேன்.