ஒளியிழையின் முனை

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் ஆய்வகத்தில், தன் விண்மீனை நான்கே நாளில் சுற்றிவிடும் ஒரு கோளைத் தேடிக்கொண்டிருந்தோம். வெளிநாட்டில் அதை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் கருவிக்கும் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. கோளைக் கண்ணால் பார்க்க முடியாது. அது அருகில் சுற்றுவதால் விண்மீன் லேசாக அசையும். விண்மீனின் ஒளியைப் பிரித்தால் அதிலுள்ள கோடுகள் மிகச் சிறிதளவு நகரும். அந்த ஒளியை, மலைமேல் இருந்த தொலைநோக்கியிலிருந்து முடி பருமனுள்ள ஒரு கண்ணாடி இழை வழியாகப் பக்கத்து அறையில் இருந்த கருவிக்குக் கொண்டுவந்தோம்.

ஆய்வகத்தில் இழையின் முனைகளை மெருகேற்றியவர், பெங்களூரிலேயே ஜீவனஹள்ளிப் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். தற்காலிக வேலை. மெல்லிய தேய்ப்புத்தாளின் மேல் முனையை எட்டுப் போடுவதுபோல நகர்த்துவார், பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். “எங்க வூட்டுக்காரர் மூஞ்சியகூட இவ்ளோ உத்துப் பாத்ததில்ல சார்” என்பார். எங்கள் கூட்டத்தில் சிரிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கோடுகள் தாறுமாறாக நகர்ந்தன. எங்கள் வேலையை மதிப்பிடும் கமிட்டி கூடுவதற்குள் எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. முனை மெருகு சரியில்லை என்று எழுதினேன்.

“ஒரு தபா பாத்துட்டு எழுதுங்க சார். ஒரே ஒரு கீறல் காட்டுங்க, நானே போயிடறேன்.”

“பாத்தாச்சும்மா” என்றேன். பார்க்கவில்லை.

அந்த மாதத்தோடு அவர் வேலை போயிற்று.

சில வாரம் கழித்து, இழையை மாற்றுவதற்காகத் தொலைநோக்கி இருந்த மலைக்குப் போனேன். யார் காலிலும் தட்டக்கூடாதென்று அதைச் சுவரோடு கிளிப் போட்டு இறுக்கியிருந்தவன் நான்தான். கிளிப் பிடித்த இடத்தில் உறை நசுங்கியிருந்தது. இழையை அழுத்தினால் உள்ளே ஒளி பரவும் விதம் மாறும். விண்மீன் சும்மா இருந்தாலும் அசைந்ததுபோலக் காட்டும். கிளிப்பைத் தளர்த்தினேன். கோடுகள் அடங்கின. முனையை அன்றுதான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

இழையை மாற்றவில்லை. அதிலேயே அந்த நான்கு நாள் அசைவு தெளிவாக வந்தது. ‘இழை அமைப்பு சீர்செய்யப்பட்டது’ என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் கை குலுக்கினார்கள். அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லாமல் படுத்துவிட்டேன்.

சில வருடம் கழித்து, தொம்மலூர் பஸ் ஸ்டாப்பில் அவரே என்னைக் கூப்பிட்டார். ஏதோ ஆபீஸில் கூட்டித் துடைக்கிறவர்களின் நீலச் சட்டை போட்டிருந்தார்.

“சார், எளைச்சுட்டீங்களே! அந்தக் கிரகம் கெடச்சுதா?”

“கெடச்சுதும்மா.”

“புது ஃபைபர் போட்டீங்களா?”

“ஆமா.”

“அப்ப என் கைதான் சரியில்ல போல. அதுக்கப்புறம் எங்கயும் பாலிஷ் வேல கேக்கவே இல்ல சார். பயம்.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மறு ஞாயிறு ஜீவனஹள்ளிக்குப் போய் அவர் பெயரைச் சொல்லி மத்தியானம் வரை விசாரித்தேன். “எந்த ரோடு சார்?” என்றே எல்லோரும் கேட்டார்கள். மூன்று வருடம் அடுத்த மேசையில் வேலை செய்தவர். அவர் வீடு எந்தத் தெரு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.