நான்காம் கட்டத்தின் நடுக்கம்

பரமேஸ்வரி சென்ற திங்கட்கிழமை காலை, சுங்கை லாலாங்கில் உள்ள தம் வீட்டில் இறந்துவிட்டார். வயது நாற்பத்தொன்று. சனிக்கிழமை இரத்தச் சுத்திகரிப்பு முடித்து வீடு திரும்பியவர். அடுத்தது செவ்வாய்க்கிழமை. அதுவரை உடம்பு தாங்கவில்லை. அவருடைய அக்கா சாந்தி போனில் அழைத்தபோது நான் கடையில் புத்தகக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, பரமு போயிட்டா" என்றார். இனி நம் இதழின் கடைசிப் பக்கத்தை யார் வரைவது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. வியாபாரி புத்தி. அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

வாசகர்களான உங்களுக்கு அவர் கையைத் தெரியும். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. எட்டு ஆண்டுகள் நம் மாத இதழில் 'ஜாகா வேலு' படத்தொடரை வரைந்தவர். மூடிக் கிடக்கும் ரப்பர் ஆலையைக் காவல் காக்கும் ஜாகாவான வேலுவும், நீளக் கூந்தலால் ஆட்களின் கழுத்தை இறுக்கும் முடியன் என்ற பேயும் அவருடைய பிள்ளைகள். சிடாம் கிரியிலிருந்து ஒரு தாய் கடைக்கே வந்து, "ஒங்க முடியனாலே எம்மவன் தனியா பாத்ரூம் போவ மாட்றான், நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சத்தம் போட்டார். அவரை அனுப்பிவிட்டு அச்சகத்துக்குப் போன் செய்து, அடுத்த மாதம் பிரதிகளைக் கூட்டி அடிக்கச் சொன்னேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், மலாய் மொழியில் வந்த ஒரு ஜப்பானியப் படப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, அங்கல்லாம் பெரிய தொடருக்கு இப்படி ஒரு குட்டித் தொடர் போடுவாங்க. ஆளுங்க அதேதான். தலை பெருசு, ஒடம்பு சின்னது. சண்டை கெடையாது. மேலேருந்து கீழ நாலு கட்டம், நாலாவதுல சிரிப்பு."

"மேலேருந்து கீழயா? நம்ம ஆளுங்க பக்கவாட்டுலலா படிப்பாங்க."

"அதான் பக்கத்துல பாதி எடம் காலியா இருக்கே. அரிசிக் கடை வெளம்பரம் போட்டுக்கங்க."

என் வாயை எதைக் கொண்டு அடைக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். பெரிய தொடர் என்ன ஆவது என்று கேட்டேன். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதை அப்போதுதான் சொன்னார். வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு படுக்க வேண்டும், மறுநாள் எழுந்திருக்க முடியாது. "பயமுறுத்த பதினாறு பக்கம் வேணும்ணே. சிரிக்க வைக்க நாலு கட்டம் போதும்" என்றார். வாசகர்களிடம் சொல்லக் கூடாது என்று தடையும் போட்டார். "எரக்கப்பட்டு சிரிக்கிறவன் எனக்கு வேணாம்."

இப்படித்தான் வேலுவும் முடியனும் ஒரே வாடகை வீட்டுக்குக் குடிவந்தார்கள். முடியன் குளித்தால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். இரவெல்லாம் காவல் காத்துவிட்டு வேலு பகலில் தூங்கப் போனால், முடியன் தலை காயவைக்கும் இயந்திரத்தைப் போடுவான். நீங்கள் சிரித்தீர்கள், கடிதம் எழுதினீர்கள். எந்த இடத்தில் படுத்துக்கொண்டு அதை அவர் வரைந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

எனக்கும் முழுதாகத் தெரியாது. நான்காம் கட்டத்தில் மட்டும் கோடு ஏன் நடுங்குகிறது, திருப்பி வரைந்து கொடுங்கள் என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். வந்து பாருங்கள் என்றார். சுங்கை பட்டாணியில் அந்தச் சிகிச்சை மையத்துக்குப் போனேன். இடக்கையில் இரண்டு ஊசிகள். வலக்கையில் பேனா, மடியில் பலகை. சிகிச்சை நான்கு மணி நேரம், மணிக்கு ஒரு கட்டம். நான்காவது மணியில் இரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் இழுக்கும். சிரிப்புக் கட்டத்தை அந்த நேரத்தில்தான் வரைவார். "நாலு மணிக்கு நாலு கட்டம். சரியா இருக்குலா?" என்றார். உதடு வெளுத்திருந்தது.

அதன்பின் நான் திருப்பி வரையச் சொன்னதில்லை. ஆனால் அச்சுக்கு முன் கணினியில் அந்தக் கோடுகளை நேராக்கச் செய்தேன். அவரிடம் சொல்லவும் இல்லை.

சென்ற ஆண்டு பதினொரு படங்களை ஒன்றாகக் கொண்டுவந்தார். முடியன் சிகிச்சை மையத்தில் படுத்திருக்கிறான். எனக்கு மறக்காத ஒன்று: தாதி அவனை எடை பார்க்கிறாள், உடம்பில் இரண்டு கிலோ நீர் கூடுதல் என்கிறாள். தண்ணீரே குடிக்கவில்லை, எல்லாம் கூந்தலின் எடை என்று முடியன் சாதிக்கிறான். மூன்றாம் கட்டத்தில் தாதி கத்தரிக்கோலோடு நிற்கிறாள். நான்காவதில் மொட்டை முடியன் எடைக்கருவிமேல் நிற்கிறான். இரண்டு கிலோ அப்படியே இருக்கிறது.

"ஊசியும் ரத்தமும் பாத்து யாரும்மா சிரிப்பா? வேணாம்" என்று திருப்பிவிட்டேன். அவர் வாதாடவில்லை. பதினொன்றையும் கொண்டுபோய் மையத்தின் சுவரில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். வாரம் மூன்று நாள் அங்கே படுப்பவர்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னவர் பாக் மான், பரமேஸ்வரிக்கு அடுத்த படுக்கைக்காரர். ரப்பர் தோட்டத்தில் தமிழரோடு வளர்ந்ததால் தமிழ் பேசும் மலாய்ப் பெரியவர். இறுதிச் சடங்கன்று அந்தப் படங்களைச் சுவரிலிருந்து பிரித்து, ஒரு கோப்பில் போட்டு, குடும்பத்தில் கொடுக்க வந்திருந்தார். சாந்தி அதை வாங்கித் தங்கையின் சவப்பெட்டிக்குள் காலடியில் வைத்துவிட்டார். பாக் மான் என் கையைப் பிடித்தார்.

"தவுக்கே, மொதலாளி, அது எரிஞ்சா எங்க செவுரு காலியாயிடும்லா. நீங்க சொல்லுங்க."

பெட்டியை மூட ஆட்கள் வந்தாயிற்று. நான் சாந்தியிடம் கோப்பைக் கேட்டேன்.

"நீங்க வேணாம்னு திருப்புனதுதானே? அவளோடயே போவட்டும்."

"புத்தகமா போடுறேன், சாந்தி."

"இப்ப மட்டும் சிரிப்பு வருதா?"

"அப்பவும் வந்துச்சும்மா. அரிசிக் கடைக்காரரு வெளம்பரத்த நிறுத்திருவாருன்னு பயந்துட்டேன்."

"முடியனுக்கே பயப்படாத ஆளு அரிசி மூட்டைக்குப் பயந்தீங்களா?" சாந்தி அழுதுகொண்டே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அவ ஒவ்வொரு மாசமும் இதழ்ல மொதல்ல நாலாவது கட்டத்ததான் பாப்பா. 'அண்ணன் எங் கைய நேராக்கிட்டாரு'ம்பா. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா."



சாந்தி குனிந்து கோப்பை எடுத்தார். மொட்டை முடியனை மட்டும் உருவித் தங்கையின் வலக்கைக்கு அடியில் வைத்தார். அந்தப் படத்துக்கு நகல் கிடையாது. மேலே நான் எழுதியிருப்பதுதான் என்னிடம் மிச்சம். மற்றதை மார்போடு அணைத்துக்கொண்டு நிபந்தனைகளைச் சொன்னார். எதையும் குறைக்கக் கேட்காமல் நான் ஒப்புக்கொண்ட ஒரே வியாபாரம் அது.

பத்துப் படமும் தனிப் புத்தகமாக வர வேண்டும். பக்கத்தில் விளம்பரம் கூடாது. முதல் பிரதியைப் பிரித்து அந்தச் சுவரில் ஒட்ட வேண்டும். நான்காம் கட்டத்தில் கோடு எப்படி நடுங்கியதோ, அப்படியே அச்சாக வேண்டும்.