ஒனொரின் வாசலில் நின்ற படம்

ஒனொரின் என் அம்மாவுக்கு அத்தை. ருவான் நகரத்தில், ஆற்றுக்குப் பின்னால் இருந்த மரவீட்டுச் சந்தில் ஊரார் துணி வெளுத்துப் பிழைத்தாள். புருஷன் ஒனேசிம் கப்பலேறி ஒன்பது வருஷம். வால்பரைசோ துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாக எழுதியிருந்தான். கடைசிக் கடிதத்தில், "நம்ம வாசல் ஞாபகமிருக்கு, உன் முகந்தான் கலைஞ்சு போச்சு" என்று ஒரு வரி. அந்த வரி அவளை அரித்தது.

அந்த வருஷம் அகலச் சாலைக்காக அந்தச் சந்து வீடுகளை இடிப்பதென்று முடிவானது. இடிக்குமுன் படமெடுத்து வைக்க நகரசபை குவெனே என்பவரை அனுப்பியது. அவர் கேமரா முக்காலியை ஊன்றியதும் ஒனொரின் ஈரக்கையோடு ஓடினாள்.

"ஐயா, வாசல்ல நானும் நின்னுக்கறேன். வீட்டுக்காரருக்கு அனுப்பணும்."

"எனக்கு வீடுதாம்மா வேணும். நின்னா கல்லா நிக்கணும். முப்பது எண்றதுக்குள்ள அசைஞ்சா படத்துல புகையாப் போயிடுவ."

எதிர்வீட்டுக் குளோத்தில்டு சன்னலிலிருந்து சிரித்தாள். "ஏடி, முப்பது எண்ற வரைக்கும் நீ வாய மூடிப் பாத்ததே இல்லையே!"

அந்தச் சந்தில் தரைக்கு வெயில் இறங்குவது உச்சிப்பொழுதில் சற்று நேரம்தான். அதற்காகக் காத்திருந்து குவெனே கேமராவின் மூடியைத் திறந்தார். ஒனொரின் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். பத்தொன்பது எண்ணும்போது கோயிலில் நண்பகல் ஜெபமணி அடித்தது. அந்த மணிக்குக் கை தானாக நெற்றிக்குப் போகும் எங்கள் ஊரில். தலை குனிந்து சிலுவை போட்டுவிட்டாள். குவெனேவும் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சிலுவை போட்டார்.

"இன்னொன்னு எடுங்கய்யா!"

"வெயில் சுவரேறிடுச்சேம்மா. நாளைக்குக் கடப்பாரை வந்துடும்."

படத்தில் கதவும் அவள் மரச்செருப்பும் செதுக்கின மாதிரி விழுந்திருந்தன. கழுத்துக்கு மேலே வெறும் புகை.

"இதையா அனுப்பப் போற?" என்றாள் குளோத்தில்டு.

"வேற எது இருக்கு?"

பதில் வர ஒரு வருஷமாயிற்று. அதற்குள் சந்தே இல்லை. கடிதம் அவள் அண்ணன், அதாவது என் தாத்தா, வீட்டுக்கு வந்தது. அவர்தான் படித்தார்: "மக்குப் பொண்ணே, தரையில வெயில் இறங்கியிருக்கே, மணியடிக்கிற நேரத்துலயா போய் நின்ன? படத்தப் பாத்ததும் எனக்கும் கை நெத்திக்குப் போயிடுச்சு. கூட இருந்தவனுங்க எல்லாம் சிரிச்சானுங்க."

"வர்றேன்னு எழுதியிருக்காராண்ணே?"

"இல்லம்மா."

அவர் கடிதத்தை மடிக்கப் போனார்.

"கை நெத்திக்குப் போச்சுன்னாரே, அத மட்டும் இன்னொரு தடவை படிண்ணே" என்றாள்.