ஆறு மணி பஸ்ஸை எழுதியவள்

போன கிழமை எங்கள் டூங்கபி வீட்டுக்குச் சுடுதண்ணீர்க் குழாய் திருத்த வந்த வெள்ளைக்காரர், சுவரோடு சாய்த்து வைத்திருந்த எலெக்ட்ரிக் கிற்றாரைப் பார்த்து, "மகனுடையதா?" என்றார். என்னுடையது என்றேன். "குட் ஒன் யூ! கற்றுக்கொள்ள வயதேது?" என்று பெருவிரலை உயர்த்திக் காட்டினார். ஐம்பது வருடமாக வாசிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்; அதற்குள் அவர் குழாயடியில் குனிந்துவிட்டார். நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் எழுபதைத் தாண்டிய பெண்ணைப் பாராட்ட எல்லோருக்கும் மனமிருக்கிறது. கேட்பதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும், அங்கே கேள்விக்குப் பஞ்சமில்லை. வெள்ளவத்தையில் அண்ணனின் சிநேகிதன் வீட்டுக் கராஜில் ஐந்து பேர் ரொக் இசை வாசித்தோம். அதில் ஒரே பெண் நான். அம்மாவிடம் டைப்பிங் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போவேன். ஆறு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் பொய் பிடிபடும். அந்தப் பதற்றத்தையே பாட்டாக்கி, சுருக்கெழுத்துக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். சொல்லும் மெட்டும் என்னுடையவை. அண்ணன் தட்டியது தம்புரின் மட்டும், அதுவும் தாளம் பிசகி. ஆனால் அந்தப் பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, எழுதியவர் என்ற இடத்தில் அவனுடைய பெயர் இருந்தது.

"பெட்டைப் பிள்ளையின்ர பெயரைப் போட்டா நாளைக்கு ஆர் கட்டுவினம்? உனக்காகத்தான் செய்தனான்," என்றான். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது. பிறகு கட்டிய மனிதரோ, ரொக் கேட்டால் தலையிடி என்று குளிசை போடுபவர்.

சென்ற மாதம் இங்குள்ள தமிழர்கள் பழைய பொப் பாடல் மாலை நிகழ்ச்சி ஒன்றில் பாட என்னை அழைத்தார்கள். அந்தப் பாட்டையே பாடுவதாகச் சொல்லி, படிவத்தில், எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைத்தான் நிரப்பிக் கொடுத்தேன். அச்சாகி வந்த நிகழ்ச்சித்தாளில் அண்ணன் பெயர். நிகழ்ச்சியை ஒழுங்கமைத்த இளைஞரிடம் கேட்டேன்.

"அன்ரி, யூடியூப்பில இசைத்தட்டின்ர படம் கிடக்கு. அதைப் பார்த்துத் திருத்திப் போட்டனாங்கள்."

"எழுதினது நான், தம்பி."

"ஓம் அன்ரி. உங்கட அண்ணா ஒரு வார்த்தை சொன்னா மாத்தலாம்."

அண்ணன் மெல்பேர்னில், மல்கிரேவில் இருக்கிறான். போன் எடுத்தேன்.

"இப்ப என்ன அவசரம்? பேரப்பிள்ளையள் அந்தத் தட்டைச் சட்டம் போட்டு ஹோலில மாட்டியிருக்கினம். அவைக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றான்.

என்னவென்று சொல்லலாம் என எனக்குத் தெரிந்திருந்தது. "தங்கச்சி எழுதினது எண்டு சொல்லு," என்றேன். போனை வைத்துவிட்டான்.

நிகழ்ச்சியன்று நேரத்தோடு மண்டபத்துக்குப் போய், வாசல் மேசையில் கட்டாக இருந்த தாள்களில் அண்ணன் பெயரைப் பேனாவால் வெட்டத் தொடங்கினேன். முதல் தாளிலேயே கை நின்றது. எந்தப் பெயரை எழுதுவது? பாட்டு எழுதிய காலத்தில் என் பெயரோடு அப்பாவின் பெயர் இருந்தது. இங்கே பாஸ்போட்டில் கணவரின் பெயர். இரண்டு பேரும் அந்தப் பாட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. வெறும் விமலா என்று எழுதினேன். பாதிக் கட்டு முடியுமுன் சனம் வந்து, எழுதியது எழுதாதது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மேடையேறிக் கிற்றாரை மாட்டி, சத்தத்தை முழுக்கத் திருகினேன். கீழே ஒவ்வொரு கதிரையிலும் ஒரு தாள். சிலருக்கு நான் பாட்டை எழுதியவள். மற்றவர்களுக்கு அண்ணனின் பாட்டைப் பாட வந்த தங்கச்சி. எந்தக் கையில் எந்தத் தாள் இருக்கிறது என்று மேடையில் இருந்து பார்க்கத் தெரியவில்லை.