ஒரு தலைக்கு மூன்று வேண்டுதல்

ஈரச் சந்தனம் எங்கே மணந்தாலும் என் கை தானாக உச்சந்தலைக்குப் போய், முடி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. ஐம்பதை நெருங்கும் இந்த வயதில் அது நியாயமான சந்தேகம்தான்.

எழுபதுகளில், சென்னைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தூக்கம் போயிற்று, பசி போயிற்று, பிறகு நாளை என்ற நினைப்பே போயிற்று. "உயிரோட இருக்கவே பிடிக்கல சார்" என்று வார்டனிடம் சொன்னேன். விடுதியின் நற்பெயரைக் காப்பாற்ற அவர் அன்றைக்கே என்னைத் திருத்தணிக்கு ரயிலேற்றிவிட்டார்.

வீட்டில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. "கண்ணு பட்டுடுச்சு" என்றாள் அத்தை. "படிச்ச சூடு தலைக்கேறிடுச்சு" என்றார் மாமா. தறி நெய்யும் என் அப்பா, நைனா, மலையைப் பார்த்துக் கும்பிட்டார். ஒருவருக்கொருவர் சொல்லாமல் மூவரும் என் முடியை முருகனுக்கு நேர்ந்துகொண்டார்கள். ஒருவர் வேண்டுதலை இன்னொருவர் வேண்டிய மொட்டையில் கழிக்கக் கூடாதாம். முளைக்க முளைக்க மலையேறினோம். "மொகத்துல களை வந்துடுச்சு பாரு!" என்றது தெரு. களை, மொட்டையில் பூசிய சந்தனத்துக்கு வந்திருந்தது. உனக்கு என்னடா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமாம்.

மூன்றாவது, நைனாவின் வேண்டுதல். நாவிதர் என் தலையைத் தடவினார்.

"இன்னாங்க இது, முடியே இல்ல. எதை எடுக்கறது?"

"சும்மா கத்தி வையிங்க. சாமிக்குத் தெரியும்" என்றார் நைனா.

அந்த நேரத்தில் என் விடுதி அறைத்தோழன் மூச்சிரைக்கப் படியேறி வந்தான். வீட்டில் விசாரித்திருக்கிறான். என் மண்டையைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டேய், செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

"கோயில்ல இன்னாப்பா பேச்சு இது!" என்று நைனா பதறினார்.

"ஆங். தெனமும்" என்றேன்.

மலை இடிந்து விழவில்லை. மாதக்கணக்கில் வராத அழுகைதான் வந்தது. தோழன் என் கையை விடவில்லை.

"எங்கண்ணனுக்கும் இப்டி இருந்துச்சுடா. பெரியாஸ்பத்திரில இதுக்கு டாக்டர் இருக்காரு. நான் கூட வர்றேன்."

நைனா நாவிதரிடம் கத்தியை மடிக்கச் சொன்னார். அவர் நேர்ந்துகொண்ட மொட்டை இன்றுவரை பாக்கி.

மறுநாள் நைனா, தோழன், நான் மூவரும் சென்னை போனோம். டாக்டர் நைனாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, என்னை நெடுநேரம் பேசவிட்டார், மாத்திரை எழுதினார், வாராவாரம் வரச் சொன்னார். தோழனிடம் என்னை ஒப்படைத்துவிட்டு நைனா ஊர் பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் வழியாகக் கை நீட்டி என் மொட்டையைத் தொட்டார்.

"மறுபடியும் அந்த நெனப்பு வந்தா என்கிட்ட சொல்லு கண்ணு. ஒடனே வர்றேன். வேண்டிக்க மாட்டேன்."